மயக்கமா? வலிப்பா? ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்க!

போன ஸ்போர்ட்ஸ் டேயில 400 மீட்டர் ஓடிக்கிட்டிருந்த ஜூனியர் ஒருத்தன் பாதியிலேயே மயங்கி விழுந்துட்டான். "காலையில சாப்பிட்டிருக்க மாட்டான்"னு சொன்னோம். ஆனா டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துட்டு அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டார்: "உங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" நல்லவேளை, அவனுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. தேடிப் படிச்சேன்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல்கள் 'ரீசெட்' ஆகணும். பொட்டாசியம் அயனிகள் செல்லிலிருந்து வெளியேறுவதால் அது நடக்கிறது. அந்த வழியை அமைக்கும் மரபணுவில் பிழை இருந்தால் ரீசெட் தாமதமாகும். லாங் க்யூ.டி. சிண்ட்ரோம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. எக்கோவில் இதயம் நார்மலாகவே தெரியும். ஆனா ஓடும்போதோ, நீந்தும்போதோ, அலாரம் சத்தத்தில் திடுக்கிட்டு எழும்போதோ துடிப்பு தாறுமாறாகலாம், உயிரே போகலாம். கை கால் இழுப்பதைப் பார்த்து வலிப்புன்னு நினைச்சு மாத்திரை சாப்பிடுறவங்களும் உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? வழக்கமான ஈ.சி.ஜி. தாளில் ஒரு சின்னக் கட்டம் 40 மில்லிசெகண்ட். க்யூ தொடக்கத்திலிருந்து டி முடிவு வரை 11 கட்டம்னா 440. பார்க்க சரியாத்தான் இருக்கு. ஆனா இதயம் வேகமா துடிச்சா இந்த இடைவெளி குறையணும். அதுக்குத்தான் 1920-ல் பாஸெட் தந்த சூத்திரம்: இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட செகண்டின் வர்க்கமூலத்தால் வகுக்கணும். அது 16 கட்டம்னா 0.64 செகண்ட்; வர்க்கமூலம் 0.8. விடை 550! 500-ஐத் தாண்டினாலே ஆபத்து அதிகம். ஆனா ஒரு ஈ.சி.ஜி. நார்மல்னா நோயே இல்லைன்னு முடிவு கட்ட முடியாது. அதனாலதான் டாக்டர் குடும்பக் கதையையும் கேட்கிறார்.

1957-ல் நார்வேயில் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினாங்க. ஆறு பிள்ளைகளில் நாலு பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அடிக்கடி மயக்கம். மூணு பேர் திடீர்னு இறந்துட்டாங்க. பெற்றோருக்கோ ஒரு தொந்தரவும் இல்லை. இந்த வகையில், இருவரிடமிருந்தும் பிழையுள்ள மரபணு வந்தால்தான் முழு நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன்னு சொந்தத்திலேயே கல்யாணம் பண்ற நம்ம ஊரில், ஒரே பிழை இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுது. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைக்கு காக்ளியர் ஆபரேஷனுக்கு முன்னாடி ஈ.சி.ஜி. முக்கியம்.

தெரிஞ்சுட்டா காப்பாத்தலாம். பெரும்பாலானவங்களுக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை போதும். சிலருக்கு நெஞ்சுக்குள் ஐ.சி.டி. கருவி வைப்பாங்க. அசித்ரோமைசின், டாம்பெரிடோன் போன்றவை க்யூ.டி.யை நீட்டக்கூடியவை; மெடிக்கல்ல தானா வாங்கிப் போடக் கூடாது.

இந்த லீவுல அப்பத்தாகிட்ட உட்கார்ந்து கேளுங்க. நீச்சல் தெரிஞ்சும் கிணத்துல மூழ்கின சித்தப்பா, "காத்து கருப்பு அடிச்சிருச்சு"ன்னு சொல்லி முடிச்ச அத்தைன்னு யாராவது இருந்தாங்களா? இருந்தா, அந்தக் கதையை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க.