மோட்டார் பெட்டி வீணாக அழைக்கிறதா? பேட்டரியைப் பாருங்கள்

விழுப்புரம் மாவட்டம் கெடார் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் செய்யும் விவசாயிகள் பலர், கைப்பேசி மூலம் மோட்டாரை இயக்கும் பெட்டியைப் பயன்படுத்தி வருகின்றனர். வேளாண்மைப் பொறியியல் துறை இக்கருவிக்கு மானியமும் வழங்கியுள்ளது. மின்சாரம் நின்றாலோ, மும்முனையில் ஒரு முனை போனாலோ, கேபிளை யாரேனும் வெட்டினாலோ பெட்டி உடனே நமது கைப்பேசிக்கு அழைப்பு விடுக்கும். சிலவற்றில் சைரனும் உண்டு.

பொருத்திய இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொல்லை தலைகாட்டுவதுண்டு. நள்ளிரவில் நான்கைந்து முறை அழைப்பு வரும். பதறியடித்துக் கொண்டு வயலுக்கு ஓடினால் கேபிள் பத்திரமாக இருக்கும். இவ்வாறு பலமுறை ஏமாந்தவர் சைரன் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார் அல்லது அழைப்பு வந்தாலும் எழுவதில்லை. உண்மையாகவே செப்புக் கேபிள் களவு போகும் இரவில் அவருக்குத் தெரியாமலே போய்விடும். பெட்டியையே மாற்றச் சொல்வோரும் உண்டு. அதற்கு அவசரம் வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி, பெட்டிக்குள் இருக்கும் மாற்று பேட்டரியே.

காரணம் எளிது. மின்சாரம் நின்றதும் பெட்டி பேட்டரியில் இயங்குகிறது. சும்மா இருக்கையில் அதற்குச் சொற்ப மின்சாரமே போதும். ஆனால் அழைப்பு விடுக்கும் நொடிகளில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். வயதான பேட்டரியால் இதைத் தாங்க முடியாது, வோல்டேஜ் சடாரென்று சரியும், பெட்டி அணைந்துவிடும். பளு நீங்கியதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும். பெட்டி உயிர்பெற்று, மின்சாரம் இப்போதுதான் போனதாக எண்ணி மறுபடி அழைக்கும். பேட்டரி அறவே செத்துப் போனால் நிலைமை நேர்மாறு: மின்சாரம் போனாலும் பெட்டி வாய் திறக்காது. என்னைக் கேட்டால் இதுவே அதிக ஆபத்தானது, ஏனெனில் தொல்லை இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை.

முதலில் ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள்: அழைப்பு வந்த நேரம், அப்போது மும்முனை மின்சாரம் இருந்ததா இல்லையா என்று. மின்சாரம் நன்றாக இருக்கும்போதே பொய் அழைப்பு வந்தால் கோளாறு வேறிடத்தில் உள்ளது. ஃப்யூஸ் கேரியர், தளர்ந்த ஒயர் முனை, ஸ்டார்ட்டருக்குள் புகுந்த எறும்பு, பல்லி இவற்றை மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். மின்சாரம் நின்ற வேளைகளில் மட்டும் அழைப்பு திரும்பத் திரும்ப வந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, பகலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உங்கள் கைப்பேசியிலிருந்து பெட்டியை அழையுங்கள். ஒழுங்காகப் பதில் சொல்கிறதா, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று கவனியுங்கள். சில நிமிடங்களில் ஓய்ந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

12 வோல்ட் மூடிய ஈய-அமில பேட்டரி உள்ளவர்கள் இன்னும் உறுதியாகவே அறியலாம். பெட்டிக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் இருப்பதால், மெயினை அணைத்து, ஃப்யூஸ் கேரியரையும் பிடுங்கிய பிறகே பேட்டரியைக் கழற்ற வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் படிவைச் சுரண்டித் துடையுங்கள். சில வேளை இதிலேயே கோளாறு தீர்ந்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஆன நல்ல பேட்டரி, இரண்டு மணி நேரம் ஓய்ந்த பின் மல்டிமீட்டரில் 12.7 வோல்ட் அளவில் காட்டும். இதை மட்டும் நம்பிவிடலாகாது. கிழட்டு பேட்டரியும் பளு இல்லாதபோது இதே அளவைக் காட்டி ஏமாற்றும். ஆகவே டிராக்டர் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பை அதில் இணைத்து எரிய விடுங்கள். 7 ஆம்பியர்-மணி கொண்ட நல்ல பேட்டரி அரை மணி நேரம் கழித்தும் 12 வோல்ட்டுக்குக் குறையாது. ஐந்து பத்து நிமிடத்தில் பல்பு மங்கி, 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் காலம் முடிந்தது. பேட்டரி சிறியதானால் 5 வாட் பல்பு போதும். சோதனை முடிந்ததும் உடனே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

கைப்பேசி பேட்டரி போன்ற 3.7 வோல்ட் லித்தியம் வகைக்கு இந்தப் பல்புச் சோதனை கூடாது. அது உப்பியிருந்தால் குத்தாமல், நசுக்காமல் மாற்றிவிட வேண்டும்.

புதிது வாங்குமுன் சார்ஜ் சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். மின்சாரம் உள்ளபோது 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை இருப்பது முறை. வெகுவாகக் குறைந்தாலும் கூடினாலும் புதிய பேட்டரியும் சீக்கிரம் பாழாகும். இந்த அளவை மின்பணியாளரே எடுக்கட்டும். அதே வோல்ட், அதே ஆம்பியர்-மணி உள்ளதையே வாங்குங்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். ஆறு மாதத்துக்கு மேல் சார்ஜ் இல்லாமல் கடையில் கிடந்த சரக்கு வேண்டாம்.

பேட்டரிக்குப் பெரும் பகை வெப்பம். 25 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். தகரக் கொட்டகையின் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்! மேற்குச் சுவரில் மாட்டியுள்ள பெட்டியை வடக்குச் சுவருக்கு மாற்றுவதும், தகரத்தின் மேல் தென்னங்கீற்று பரப்புவதும் செலவில்லாத வழிகள்.

பழைய ஈய பேட்டரியைக் கிணற்றோரம் எறியாமல் பேட்டரிக் கடையிலேயே கொடுங்கள். அதிலுள்ள ஈயத்துக்கு விலை உண்டு. புதியதன் மேல் பொருத்திய தேதியை எழுதி, மாதம் ஒரு முறை மெயினை அணைத்துப் பெட்டி அழைக்கிறதா என்று பாருங்கள்.