புளியமரத்தடிக் கேள்வி

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலு பக்கம் எழுதியிருந்தாய்; மூன்று பக்கம் தம்பியைப் பற்றிய கவலை, ஒரு பக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம். "இவனைச் சேர்த்தா மத்த பிள்ளைகள் படிப்பு கெடும்" என்று அம்மாவை வாசலோடு அனுப்பிவிட்டார்கள் என்று வாசித்ததும் எனக்கும் கை நடுங்கத்தான் செய்தது. அதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். முதலில் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்த கேள்விக்கு வருகிறேன்: "அத்தை, நான் கூப்பிட்டா அவன் ஏன் திரும்பவே மாட்டேங்கிறான்?"

ஆழ்வார்திருநகரியில் பிறந்தவளுக்கு இதைச் சொல்ல ரொம்ப தூரம் போக வேண்டாம், ஆதிநாதர் கோயில் உறங்காப்புளி போதும். காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் பிறந்த பிள்ளை அழவில்லை, பால் குடிக்கவில்லை. மாறன் என்று பெயரிட்டுப் புளியமரத்தடியில் விட்டார்கள், பதினாறு வருடம் வாய் திறக்கவில்லை என்று ஆச்சி உனக்கும் கதை சொல்லியிருப்பாள். வடக்கே இருந்த மதுரகவி தெற்கில் தெரிந்த ஒளியைப் பார்த்து நடந்து வந்தாராம். வந்தவர் முதலில் ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார். சத்தத்துக்கு மாறன் கண் திறந்தார். அதற்கப்புறம் மதுரகவி நலம் விசாரிக்கவில்லை, "பேசு, பேசு" என்று உலுக்கவில்லை. ஒரு புதிர் போட்டார். பதில் வந்தது.

ஆழ்வாரான அந்த மாறனுக்கும் தம்பியைப் போல ஆட்டிசம் என்று அத்தை எழுதினாள் என யாரிடமும் போய்ச் சொல்லிவைக்காதே. அது அபத்தம், ஊரில் என்னை நடமாட விடமாட்டார்கள். இருபத்தைந்து வருடம் இந்தப் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு, அந்த மரத்தைச் சுற்றும்போதெல்லாம் உடையநங்கையாரின் நினைப்பு வரும், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கல். கூப்பிட்டால் திரும்பாத எந்தப் பிள்ளைக்கும் முதலில் செய்ய வேண்டியது காது பரிசோதனைதான். இத்தனை வருடம் கழித்தும் அதைச் செய்யாமல் நேரே தாயத்துக்குப் போகிறவர்களைப் பார்க்கிறேன்.

தம்பிக்குக் காதில் குறையில்லை. அடுக்களையில் பிஸ்கட் தாள் பிரிகிற சத்தம் வாசலில் இருக்கிறவனுக்குக் கேட்கிறதே! மின்விசிறி, மிக்ஸி, தெருவில் போகிற ஆட்டோ, உன் குரல் எல்லாம் ஒரே கனத்தில் வந்து விழும்போது அவன் பேர் மட்டும் தனியாக எடுபடுவதில்லை. அதனால் அடுத்த அறையிலிருந்து கத்தாதே. பக்கத்தில் போய், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து, மூன்றே வார்த்தையில் சொல். பிறகு மனசுக்குள் பத்து வரை எண்ணு. நாம் எல்லோரும் தவறுகிற இடம் இதுதான். இரண்டு எண்ணுவதற்குள் அதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்கிறோம். அவன் முதல் வாக்கியத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து தலையில் விழுகிறது. உன் கண்ணைப் பார்க்கச் சொல்லித் தாடையைப் பிடித்துத் திருப்பவும் வேண்டாம். பார்க்காமலே கேட்பான்.

அரசாங்கத் தாள்களில் இந்தப் பிள்ளைகளைப் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே எரிச்சல். திருச்செந்தூர் வண்டி இரண்டு நிமிடம் பிந்தினால் தெருவில் முதலில் கண்டுபிடிக்கிறவன் உன் தம்பி. அவனா புற உலகம் அறியாதவன்? போன பொங்கலுக்கு வந்திருந்தபோது "சாப்பிட்டியா?" என்று நாலு தடவை கேட்டேன், ஒன்றும் வரவில்லை. "ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி..." என்று இழுத்து நிறுத்தினேன். சுவரைப் பார்த்தபடியே "நாசரேத், கச்சனாவிளை, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், திருச்செந்தூர்" என்று முடித்தான். என் புதிர் அது. அவன் எழுத்துப் படிப்பதை அங்கிருந்து தொடங்கு. ஊருக்கு ஒரு அட்டை எழுதி வரிசை கலைத்து வை, அடுக்குவான். ஒன்றை ஒளித்து வை, தேடுவான், கேட்பான். காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பது, குளிப்பது, சட்டை, இட்லி, புத்தகப்பை எல்லாவற்றையும் ஸ்டேஷன் போலப் படமாக வரிசையாக ஒட்டி, முடிந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்.

வரிசை அவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று 2023 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு மாட்டிக்கொண்டது, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியெல்லாம் அரித்துப் போயிற்று. நமக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த கவலை. அவனுக்கு வண்டிச் சத்தம் நின்றுபோனது. தினமும் அந்த நேரத்துக்கு அழுகை, கையைக் கடித்துக்கொள்வது. உன் அம்மாதான் காலண்டரில் வண்டி படம் போட்டு, ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் அவன் கையாலேயே குறுக்குக்கோடு போட வைத்தாள். ஐந்தாறு நாளில் அழுகை குறைந்தது. மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்தாள்.

வைகாசியில் ஒன்பது கருட சேவை நாளன்று அவன் தெருவில் விழுந்து புரண்டானே, அது அடம் இல்லை. அடம் பிடிக்கிற பிள்ளை நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். இவன் வேட்டும் மேளமும் கூட்டமும் தாங்காமல் உடைந்தான். அந்த நேரத்தில் அறிவுரை சொல்லாதே, சத்தமில்லாத இடத்துக்குக் கூட்டிப் போ. அடுத்த தடவை காது மூடி மாட்டி, தூரத்துத் திண்ணையிலிருந்து காட்டு.

அம்மாவுக்குப் பாசம் போதாததால்தான் தம்பி இப்படி என்று ஆச்சி சொல்வதை நீ மனசில் வைக்காதே. 1943இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை விவரித்தார். பிறகு புருனோ பெட்டல்ஹைம் போன்ற பெரிய பெரிய ஆட்களே தாய்ப்பாசக் குறைவுதான் காரணம் என்று பரப்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964இல் புத்தகம் போட்டு அதை எதிர்த்தார். அந்தப் பழி ஆராய்ச்சியில் செத்து எத்தனையோ வருடம் ஆகிறது; நம் தாழ்வாரத்தில்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது.

அம்மாவுக்குத் துணை வேண்டுமானால் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல். விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அங்கிருந்து பயிற்சி பெற்றவர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய், பிள்ளையைவிட அதிகமாக அம்மாவுக்குத்தான் சொல்லித் தருகிறார்கள். குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் என்ன செய்யலாம் என்பதுதான் பாடம். வாரத்துக்கு ஒரு மணி நேரத் தெரபியைவிட அதற்குப் பலன் அதிகம் என்பது என் கட்சி.

இப்போது பள்ளிக்கூடம். 1995ஆம் வருடச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பேரே இல்லை. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் அதையும் சேர்த்தது. அரசு நிதி வாங்குகிற அல்லது அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் இதைக் காரணம் காட்டிச் சேர்க்க மறுக்கக் கூடாது. அம்மாவிடம் சொன்னதை எழுத்தில் கேட்டாலே பாதிப் பேர் இறங்கி வந்துவிடுவார்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அப்பா அவரைப் பார்க்கட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே வாங்கிவையுங்கள். பத்தாம் வகுப்பில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு என்று கேட்பதற்கெல்லாம் அது வேண்டும்.

வகுப்பில் அவனுக்கு மணிக்குப் பக்கத்தில் இடம் வேண்டாம். முதல் வரிசையில், ஜன்னலை விட்டுத் தள்ளி, ஒரு நல்ல கூட்டாளி பக்கத்தில் உட்காரட்டும். டீச்சரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடு: அவனுக்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் பயம், எப்படிச் சமாதானம் ஆவான். பத்து வரிக்கு மேல் போகாதே, வாசிக்க மாட்டார்கள். அவனை உன்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ்ஸில் வந்தால் அவனுக்குக் குழப்பம், அதனால் சாயங்கால வண்டியில் வருகிறேன். என் போட்டோ ஒன்றைக் காலண்டரில் ஞாயிறு கட்டத்தில் ஒட்டிவை. கண்ணாடி போட்ட போட்டோவாக இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் நான் வேறு ஆள் என்று நினைத்துக்கொள்வான்.

உன் அத்தை