மழைக்காலத்தில் தேனீக்கள் ஓடிவிடாமல் காப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரங்கள் புதுத் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரை தேன் வரத்து மிகுதி. ஜூனில் மழை தொடங்கியதும் வரத்து குறைந்துவிடும். உணவு கிடைக்காத இந்தியத் தேனீக்கள் பெட்டியைக் காலி செய்துவிட்டு ஓடிவிடும். அடுத்த தேன் பருவத்தில் உங்களுக்கு வெறும் பெட்டிதான் மிஞ்சும். எனவே மழைக்கு முன்பே கீழ்க்கண்டவாறு செய்யுங்கள்.

இடத்தைச் சுருக்குதல்: தேன் அறையை எடுத்துவிடுங்கள். புழு அறையில் உள்ள தேனை எடுக்காதீர்கள். அது தேனீக்களின் சேமிப்பு. தேனீக்கள் மொய்க்காத பழைய கறுத்த அடைகளை நீக்கி, நல்ல அடைகளை ஒருபுறமாக நெருக்கி வைத்துத் தடுப்புப் பலகையைச் செருகுங்கள். காலி அடைகளில்தான் மெழுகுப் பூச்சி முட்டையிடும். அடிப்பலகையை வாரம் ஒருமுறை துடையுங்கள்.

ராணியைச் சோதித்தல்: அடையில் புது முட்டைகள் இருந்தால் ராணி இருக்கிறது என்று அறியலாம். அப்போது ராணி அறைகளையும் ஆண் தேனீ அறைகளையும் அழித்துவிடலாம். ராணியை இழந்த குடும்பத்தில் ராணி அறைகளை அழிக்கக் கூடாது. நலிந்த குடும்பமானால், மாலை வேளையில் ராணியுள்ள குடும்பத்தின் புழு அறைமேல் ஊசித் துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இதன் புழு அறையை வைத்து இணைத்துவிடுங்கள். நோயுற்ற குடும்பத்தை மட்டும் எதனுடனும் இணைக்காதீர்கள்.

சர்க்கரைப் பாகு: குடும்பம் ஒன்றுக்கு வாரத்திற்கு 200 கிராம் சர்க்கரையைச் சம அளவு நீரில் கரைத்துக் கொடுங்கள். கொட்டாங்குச்சியில் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்து, தேனீக்கள் மூழ்காதிருக்கச் சிறு குச்சிகளை மிதக்கவிடுங்கள். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே மாலையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வலுத்த கூட்டத்தினர் நலிந்த கூட்டத்தைக் கொள்ளையடிப்பார்கள். பாகு வெளியே சிந்தக் கூடாது.

மழை, எறும்புப் பாதுகாப்பு: பெட்டியை வாசல் பக்கம் சற்றே தாழ்வாகச் சாய்த்து வையுங்கள். மழைநீர் உள்ளே தேங்காது. தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். நலிந்த குடும்பங்களின் வாசலைக் குறுக்கிவிடுங்கள்.

முட்டையிலிருந்து பணித் தேனீ வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். அது தேன் தேடி வெளியே செல்ல மேலும் இரண்டு, மூன்று வாரம் ஆகும். ஆகவே ஜனவரியில் உங்களுக்குத் தேன் கொண்டுவரும் தேனீ, நவம்பர் கடைசியில் இடப்பட்ட முட்டைதான். வரத்தில்லாத நாட்களில் நீங்கள் செலவிடும் சர்க்கரை வீணாவதில்லை. அது தேனாகத் திரும்பி வரும்.