காந்த நுண்துகள்களும் புற்றுநோய் மருத்துவமும்

சுமார் 10 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள், புறக்காந்தப் புலம் உள்ளவரை மட்டுமே காந்தமாக இயங்கும். இப்பண்பு புற்றுநோய் மருத்துவத்தில் இருவகையாகப் பயன்படுகின்றது.

முதலாவது, நோயறிதல். நலமான கல்லீரல் திசு இத்துகள்களை உட்கொள்வதால் எம்.ஆர்.ஐ. படத்தில் கருமையாகத் தோன்றும். அவற்றை ஏற்காத புற்றுக்கட்டி வெளிறித் தெரியும். இரண்டாவது, சிகிச்சை. கட்டியினுள் செலுத்தப்பட்ட துகள்கள் மாறுதிசைக் காந்தப் புலத்தில் சூடேறுகின்றன; 42 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் புற்றுநோய் உயிரணுக்கள் நலிவுறுகின்றன.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் அம்பரீஷ் கோஷ் குழுவினர், காந்தப் புலத்தால் சுழன்று முன்னேறும் திருகு வடிவ நுண்பொறிகளை ஆராய்ந்து வருகின்றனர். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களிடையே இவை செலுத்தப்பட்டபோது, புற்றுநோய் உயிரணுக்களின் அருகே மிகுதியாக ஒட்டிக்கொள்வதை 2020-இல் அவர்கள் வெளியிட்டனர்.

எனினும் ஆய்வின் வெற்றி மட்டுமே நோயாளியைச் சென்றடைந்துவிடாது. அமெரிக்காவில் 1996-இல் ஏற்பளிக்கப்பட்ட கல்லீரல் படமெடுப்புத் துகள் மருந்தின் தயாரிப்பு 2008-இல் நிறுத்தப்பட்டது. பாதுகாப்புச் சோதனை, கருவிச் செலவு, பயிற்சி பெற்ற பணியாளர், நிலையான தேவை ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும். பெங்களூரிலேயே, 1973-இல் தொடங்கப்பெற்ற கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் ஏழை நோயாளிகளுக்குப் பணியாற்றுகின்றது. ஆய்வகத்தை இத்தகைய பொது மருத்துவமனைகளுடன் இணைக்கும் முதலீடே இத்துறையின் பயனை அவர்களுக்கு எட்டச் செய்யும்.