மருந்து செல்லிடம் பேசுவது எப்படி?

"பிரஷர் நார்மலாகத்தானே இருக்கிறது, இனி மாத்திரை எதற்கு?" என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் நம்மிடையே உண்டு. சில மாத்திரைகளில் இது பெரும் ஆபத்தாக முடியும். காரணம் தெரிய, மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நம் செல்கள் ஒவ்வொன்றையும் மெல்லிய சவ்வு ஒன்று சூழ்ந்துள்ளது. டாக்டர்கள் ரிசெப்டர் என்று சொல்லும் ஏற்பிகள் அதில் பதிந்திருக்கின்றன. இவை ஒருவகைப் புரதங்கள். இப்படி ஏதோ ஒரு பொருள் செல்லில் இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி 1905-லேயே கருதினார். அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என இருவகை ஏற்பிகள் உண்டு என்று 1948-இல் அமெரிக்கரான ஆல்குவிஸ்ட் கூறினார். பின்னர் பீட்டாவிலும் பிரிவுகள் தெரியவந்தன. இருதயத்தில் பெரும்பாலும் பீட்டா-1, மூச்சுக் குழல்களில் பீட்டா-2.

அட்ரினலின் செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே ஏற்பியில் வந்து பொருந்துகிறது. உடனே ஏற்பியின் வடிவம் சற்று மாறுகிறது. அதனால் உட்புறமுள்ள ஜி புரதம் விழித்து, ஒரு நொதியைத் தூண்டுகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற பொருளை ஏராளமாக உண்டாக்குகிறது. அதன் விளைவாக இருதயச் செல்லுக்குள் கால்சியம் கூடுதலாகப் பாய்ந்து, துடிப்பு வேகமும் வலுவும் பெறுகிறது. ரிலேயின் சுருளில் ஓடும் சிறு மின்னோட்டம் பெரிய மோட்டாரையே இயக்குவதைப் போன்றதுதான் இது. சைக்ளிக் ஏ.எம்.பி. தொடர்பான ஆய்வுக்காக சதர்லேண்ட் 1971-லும், ஜி புரதத்துக்காக கில்மன், ராட்பெல் இருவரும் 1994-லும் நோபல் பரிசு பெற்றனர்.

மருந்துகள் இந்த ஏற்பிகளை இரு விதமாகப் பயன்படுத்துகின்றன. ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால் பீட்டா-2 ஏற்பியில் பொருந்தி, அதை இயக்குகிறது. மூச்சுக் குழல் தசையில் அதே சைக்ளிக் ஏ.எம்.பி. தளர்ச்சியைத் தருவதால் குழல் விரிகிறது. ப்ரொப்ரனொலாலோ இடத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும், அட்ரினலினையும் அமரவிடாது. அதனால் துடிப்பு நிதானப்பட்டு, இருதயத்தின் ஆக்சிஜன் தேவை குறைகிறது. இதை 1960-களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு.

ஒன்று: ப்ரொப்ரனொலால் பீட்டா-2 ஏற்பியையும் அடைப்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக் குழல் சுருங்கிவிடலாம். அடினொலால், மெடோப்ரொலால் ஆகியவை பீட்டா-1-ஐயே அதிகம் நாடினாலும், முழுப் பாதுகாப்பு அல்ல. டாக்டரிடம் ஆஸ்துமாவைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு: ஏற்பிகள் நெடுநாள் அடைபட்டிருந்தால், செல் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென மாத்திரையை நிறுத்தினால், வழக்கமான அட்ரினலினே மிகையாக வேலை செய்யும். படபடப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இருதய நோயாளிகளுக்கு நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். அதனால்தான் நிறுத்த வேண்டியிருந்தாலும் டாக்டர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள்.

உங்கள் மாத்திரைப் பட்டையில் கம்பெனிப் பெயரோடு உள்ள மருந்தின் பெயரைப் பாருங்கள். அது 'லால்' என்று முடிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது, திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்துக் கையிருப்பு இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.