புதுப் பூனைக்கு முதலில் ஓர் அறை போதும்

நம் சங்கக் குடும்பங்களில் சிலர் தெருவில் பிறந்த குட்டிகளையும், மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் பூனைகளையும் எடுத்து வளர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் வந்த வாரமே பூனை ஓடிவிட்டது என்ற வருத்தத்தையும் அடிக்கடி கேட்கிறேன். அதைத் தவிர்க்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பூனை ஓர் இடத்தை வாசனையால்தான் தன்னுடையதாக்கிக் கொள்கிறது. கன்னத்திலுள்ள சுரப்பிகளைக் கதவிலும் நாற்காலியிலும் தேய்த்துத் தன் மணத்தைப் பதிக்கிறது. முதல் நாளே முழு வீட்டையும் திறந்துவிட்டால் மிரண்டு போகும். ஆகவே ஒரே ஓர் அறையைக் கொடுங்கள். ஒரு மூலையில் தண்ணீரும் உணவும், எதிர் மூலையில் மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. இவை போதும்.

கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள். குழந்தைகளைத் தரையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசச் சொல்லுங்கள். உற்றுப் பார்ப்பது பூனைக்கு மிரட்டல். கண்ணை மெல்ல மூடித் திறப்பது நட்பு. அதுவாக வந்து உரசிய பிறகே அடுத்த அறையைத் திறக்கலாம். ரயில்வேயில் 'லைன் கிளியர்' கிடைக்காமல் வண்டியை அடுத்த பிளாக்கில் விடமாட்டோம். இங்கே லைன் கிளியர் கொடுக்க வேண்டியது பூனை. சிலவற்றுக்கு மூன்று நாள் ஆகும், சிலவற்றுக்கு மூன்று வாரம்.

அடுத்து உணவு. நம்மில் பலர் சைவம். ஆனால் தயிர்சாதம் மட்டும் போட்டுப் பூனையை வளர்க்க முடியாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் பார்வை கெடும், இதயம் பலவீனமாகும். சமைக்க மனம் ஒப்பாதவர்கள் கடையில் விற்கும் பூனைத் தீனியை வாங்கலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, பேதியாகும். புதுப் பூனை 24 மணி நேரத்துக்கு மேல் எதுவும் சாப்பிடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெங்காயம், பூண்டு, பாராசிட்டமால், பாச்சை உருண்டை ஆகியவை பூனைக்கு நஞ்சு. பினாயிலும் அப்படியே. பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலும் ஆபத்துதான்.

மாடியில் குடியிருப்போர் பால்கனிக்கு வலை அடித்துவிட்டுப் பூனையைக் கொண்டுவருவது நலம். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பூனை பிழைக்கும் என்பது வெறும் பேச்சு. குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி போட வேண்டும்.

புது ஊரில் முதல் மாதம் எப்படிக் கழியும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பூனைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுப்போம்.