கேட்டால்தான் சொல்வார்கள்



மனச்சோர்வு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலர், நன்றாகத் தேறிவரும் சமயத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால், "உடம்புக்குச் சூடு, ஒத்துக்கொள்ளவில்லை" என்பார்கள். உண்மைக் காரணம் வேறாக இருப்பதுண்டு. தாம்பத்திய உறவில் ஏற்பட்ட மாறுதல் அது. அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்குத்தான் எளிது?

1987-ன் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளூவாக்ஸெட்டினும், பின்னர் வந்த செர்ட்ரலின், பராக்ஸெட்டின் முதலியவையும், மூளை நரம்புகளுக்கிடையே செரட்டோனின் என்ற இரசாயனப் பொருளை அதிக நேரம் தங்கச் செய்கின்றன. சோர்வைக் குறைக்கும் அதே மருந்து பாலுணர்வையும் மந்தப்படுத்தக்கூடும். ஆசை குறையலாம், ஆணுக்கு விந்து வெளிப்படத் தாமதமாகலாம், பெண்ணுக்கு உச்சநிலை கிட்டாமற்போகலாம். (விந்து சீக்கிரம் வெளிப்படும் குறைக்கு, இந்தத் தாமதத்தை எண்ணியே இம்மருந்துகளில் சிலவற்றைக் கொடுப்பதும் உண்டு.)

இவ்வகை மருந்து சாப்பிட்ட 344 பேரிடம் ஸ்பெயின் நாட்டில் நடத்திய ஓர் ஆய்வு 1997-ல் வெளியாயிற்று. இத்தொல்லையைத் தாமாகவே சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர். மருத்துவர் நேரடியாகக் கேட்டபோதோ 58 பேர்! ஆகவே நோயாளி பேசவில்லை என்பதால் தொல்லை இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போடுவதும் நியாயமல்ல. மனச்சோர்வே ஆசையைக் கெடுக்கும் நோய். மருந்து தொடங்குமுன் நிலைமை எப்படி இருந்தது என்று கேட்டறிந்தால்தான் எது எதனால் என்று பிரித்தறிய முடியும்.

மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. தலைசுற்றலும் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற அதிர்வும் வரலாம், நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் சொன்னால் வழி உண்டு. அளவைக் குறைத்துப் பார்க்கலாம். இத்தொல்லை குறைவாக உள்ள புப்ரோபியான், மிர்டாசபின் போன்றவற்றுக்கு மாற்றலாம். ஆண்களில் சிலருக்கு சில்டனாஃபில் உதவுகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது.

மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இத்தொல்லை நீடித்ததாக அறிக்கைகள் உள்ளன. இதை மருந்துக் குறிப்பில் அச்சிடும்படி ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் பரிந்துரைத்தது. நோயாளிக்கு இதை மறைக்காமல் முன்னரே சொல்லிவிடுவதே முறை.

உங்கள் குடும்பத்தில் யாரேனும் இம்மாத்திரை சாப்பிட்டால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதையும் கேட்கச் சொல்லுங்கள். கூச்சமாயிருந்தால், ஒரு துண்டுத்தாளில் எழுதி ஓ.பி. சீட்டோடு சேர்த்துக் கொடுத்தாலும் போதும்.